கோலாலம்பூரில் முதலாமாண்டு: புறப்படும் முன்பிருந்து பாஸ் புதுப்பிக்கும் வரை

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கோலாலம்பூருக்குப் படிக்க வருகிறவர்களுக்கு, மெல்பர்னுக்கோ லண்டனுக்கோ போகிறவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் கடைப் பலகைகள் தமிழில் இருக்கும். ரேடியோவைத் திருப்பினால் மின்னல் எஃப்எம் பேசும். சாப்பாட்டுக் கடையில் "அண்ணே" என்று கூப்பிட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். முதல் வாரத்திலேயே மனசு பாதி சமாதானம் ஆகிவிடும்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம்ம ஊர் மாதிரிதானே இருக்கிறது என்று, சட்டம் சம்பந்தப்பட்ட காரியங்களையும் நம்ம ஊர் மாதிரியே "பார்த்துக்கலாம்" என்று விடுகிறவர்கள் நிறைய. ஆறாவது மாதத்தில் வருகைப் பதிவு குறைந்து, எட்டாவது மாதத்தில் மாணவர் பாஸ் (படிப்பதற்காக இந்த நாட்டில் தங்கத் தரும் அனுமதி) சிக்கலாகி, கண் கலங்கி வந்து நிற்கும் தம்பி தங்கைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் கெட்டிக்காரப் பிள்ளைகள். யாரும் வரிசையாக உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதனால் வரிசையாகவே எழுதுகிறேன். காகித விஷயத்தில் கறாராக இருங்கள், மனிதர்கள் விஷயத்தில் தாராளமாக இருங்கள். மற்றதெல்லாம் இதற்குள் அடங்கும்.

புறப்படும் முன்

முதலில், நீங்கள் சேரப்போகும் படிப்பு எம்.கியூ.ஏ. என்கிற மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யாரும் தேடலாம். கல்லூரி பெயர் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் படிப்பின் பெயரே இருக்க வேண்டும்.

அடுத்து, கல்லூரி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். விளம்பரத்தில் எல்லாமே "கேஎல்" என்றுதான் போட்டிருக்கும். மலாயாப் பல்கலைக்கழகம், புக்கிட் ஜாலிலில் உள்ள ஏபியூ, செராஸில் உள்ள யூசிஎஸ்ஐ எல்லாம் நகருக்குள்ளேயே இருப்பவை. மோனாஷ், சன்வே, டெய்லர்ஸ் மூன்றும் சிலாங்கூர் மாநிலத்தில், பண்டார் சன்வே, சுபாங் ஜெயா பகுதிகளில். நாட்டிங்ஹாம் செமினியில், நகரத்தை விட்டு நன்றாகத் தள்ளி. எது நல்லது, எது மோசம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தங்குவீர்கள், எப்படிப் போவீர்கள், மாதம் எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

விசா பற்றி நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களை ஈ.எம்.ஜி.எஸ். என்ற அமைப்பு கையாளுகிறது. உங்களுக்காகப் பல்கலைக்கழகம் அதில் விண்ணப்பிக்கும். அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை உங்கள் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் ஒப்புதல் கடிதம் மின்வடிவில் வரும். அது வந்த பிறகுதான் பயணம். உங்கள் பாஸ்போர்ட்டுக்குத் தனியாக நுழைவு விசா வேண்டுமா என்பதையும் பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

சில ஏஜென்ட்கள், "இந்தியர்களுக்கு விசா இல்லாமல் முப்பது நாள் உண்டு, அதில் போய் இறங்கிவிடுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சலுகை சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கானது. படிக்க வருகிறவர் அப்படி உள்ளே வந்தால், திரும்பவும் நாட்டை விட்டு வெளியே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். இப்படிச் சொல்லும் ஏஜென்ட்டை அன்றைக்கே விட்டுவிடுங்கள். கட்டணத்தையும் ஏஜென்ட் கணக்கில் போடாமல் பல்கலைக்கழகத்தின் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள்.

பெட்டியில் அரிசி, பருப்பு ஏற்றி வராதீர்கள். இங்கே எல்லாம் கிடைக்கும். சான்றிதழ்களின் அசல், அவற்றின் நகல், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையும் அதன் டாக்டர் சீட்டும், சதுர முள் மூன்று உள்ள பிளக்குக்கு ஓர் அடாப்டர், இவை போதும். நம்மூர் உருண்டை முள் பிளக் இங்கே சுவரில் ஏறாது. பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

இறங்கும் நாள்

விமான எண்ணையும் நேரத்தையும் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். மாணவர்களை விமான நிலையத்திலேயே அவர்கள் ஆள் வந்து கூட்டிப்போவதுதான் முறை. ஒப்புதல் கடிதம், சேர்க்கைக் கடிதம், தங்குமிட முகவரி மூன்றையும் கைப்பையில் அச்செடுத்து வைத்திருங்கள். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் கவுண்டரில் நிற்கும்போது கை நடுங்கும்.

தனியாக நகருக்குள் போக வேண்டி வந்தால், கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரலில் விடும், கட்டணம் 55 ரிங்கிட். பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகும், விலை அதில் கால்வாசிதான். இரண்டு பெட்டி, இரண்டு பேர் என்றால் கிராப் செயலியில் வண்டி எடுத்துவிடுங்கள்.

இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றும், அதன் சில்லறையான "சென்" என்பதைக் காசு என்றும் சொல்வார்கள். "அஞ்சு வெள்ளி அம்பது காசு" என்றால் குழம்ப வேண்டாம். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் ஏழு நாள்

வந்த ஏழு நாளுக்குள் ஈ.எம்.ஜி.எஸ். பட்டியலில் உள்ள கிளினிக்கில் மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மாணவர் பாஸ் கிடைப்பது இதில்தான் தொங்குகிறது.

பாஸ் கைக்கு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் நிச்சயதார்த்தம், தீபாவளி என்று முன்பே திரும்பும் டிக்கெட் போட்டு வைக்காதீர்கள். பக்கத்தில்தானே சிங்கப்பூர் என்று கிளம்பவும் வேண்டாம்.

சிம் கார்டு வாங்கப் பாஸ்போர்ட் போதும். வங்கிக் கணக்குக்குப் பாஸ்போர்ட், பாஸ், பல்கலைக்கழகக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் இரண்டு விதமாகக் கேட்பதும் உண்டு. கல்லூரிக்குப் பக்கத்துக் கிளைக்குப் போங்கள், மாணவர்களைப் பார்த்துப் பழகியிருப்பார்கள். கணக்கு திறந்ததும் போனில் கியூஆர் கட்டணத்தை இயக்கிவிடுங்கள். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் விற்கும் அம்மாவிடமும் அந்த அட்டை தொங்கும்.

ஐ-கார்டு என்கிற வெளிநாட்டு மாணவர் அடையாள அட்டை வரும்வரை பாஸ்போர்ட் நகலும் மாணவர் அட்டையும் எப்போதும் பையில் இருக்கட்டும். சாலையில் போலீஸ் அடையாளம் கேட்பது இங்கே சாதாரண விஷயம். பதறாமல் மரியாதையாகக் காட்டுங்கள்.

வீடு

முதல் செமஸ்டருக்குக் கல்லூரி விடுதியிலேயே இருங்கள் என்பேன். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. வெளியே வீடு எடுக்க ஊரும் தெரிய வேண்டும், கூட இருக்கப்போகிறவர்களும் தெரிய வேண்டும். இரண்டும் முதல் மாதத்தில் தெரியாது.

வெளியே போகிறீர்கள் என்றால் முன்பணக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். வழக்கமாக இரண்டு மாத வாடகை டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத டெபாசிட், முதல் மாத வாடகை முன்கூட்டியே. வாடகை 700 வெள்ளி என்றால் சாவி வாங்கும் அன்றைக்கு 2,450 வெள்ளி கையில் இருக்க வேண்டும். வீட்டில் பணம் கேட்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வந்த பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு இன்னும் அனுப்புங்கள் என்று கேட்பது இரு பக்கமும் வலிக்கும்.

பார்க்காத அறைக்கு ஒரு காசு கட்டாதீர்கள். "இன்றைக்குப் பணம் போட்டால்தான் அறை, இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள்" என்பது பழைய வித்தை. நேரில் போங்கள், முடிந்தால் சாயங்கால மழைக்குப் பிறகு போங்கள். ஒழுகுகிற கூரை அப்போதுதான் ஒழுகும்.

உள்ளே போனதும் இப்படிப் பாருங்கள். குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள். ஏசியைப் போட்டுவிட்டு, பேசிக்கொண்டே பத்து நிமிடம் நில்லுங்கள். அறை குளிர்ந்ததா, உள்ளே தண்ணீர் சொட்டுகிறதா என்று தெரியும். மின்கட்டணம் வாடகையில் சேர்த்தியா, ஏசிக்குத் தனி மீட்டரா என்று கேளுங்கள். ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய அறையை அட்டைச் சுவர் வைத்து நான்காகப் பிரித்து வாடகைக்கு விடுவது இங்கே நிறைய. அப்படிப்பட்ட அறையில் ஜன்னலும் இருக்காது, பக்கத்து அறைக்காரர் இருமினால் உங்கள் கட்டிலிலேயே இருமுவது போல இருக்கும். சமைக்கலாமா என்பதை எழுதி வாங்குங்கள். "லைட் குக்கிங்" என்று விளம்பரத்தில் போட்டால் நூடுல்ஸ் போட விடுவார்கள், சாம்பார் தாளிக்க விடமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயத்தைப் படியுங்கள்: எத்தனை மாதம் கட்டாயம் தங்க வேண்டும், முன்கூட்டிக் காலி செய்தால் என்ன ஆகும், டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும். முத்திரை வரி கட்டிய ஒப்பந்தம்தான் பின்னால் வழக்கு என்று வந்தால் பேசும். சாவி வாங்கிய அன்றைக்கே ஒவ்வொரு சுவரையும், மெத்தையின் கறையையும், மீட்டர் எண்ணையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் "இந்தக் கீறல் நீ போட்டது" என்ற பேச்சே எழாது. வீட்டுக்காரர் தமிழர், நல்ல மனிதர், "எழுத்தெல்லாம் எதுக்குத் தம்பி" என்கிறார் என்றாலும் எழுதுங்கள். நல்ல மனிதர்களோடுதான் உறவு கெடாமல் இருக்க வேண்டும்.

சாப்பாடு

பசியாறுவதற்கு மாமாக் கடை (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) போதும். ரொட்டி சானாய், தோசை, தே தாரிக் எல்லாம் இருக்கும், பல கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். தேநீரில் சர்க்கரை தாராளமாக விழும். "கூராங் மானிஸ்" என்று சொன்னால் குறைப்பார்கள். பார்சலுக்கு "புங்குஸ்".

மதியத்துக்குக் கலவைச் சோற்றுக் கடைதான் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும். முதல் முறை போகும்போது தயக்கமாக இருக்கும். தட்டில் சோறு வைத்துக் கொடுப்பார்கள். இருபது முப்பது கறி வரிசையாக இருக்கும், நீங்களே எடுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் நிற்கும் அக்கா தட்டை ஒரே ஒரு பார்வை பார்த்து விலை சொல்வார். கோழி, மீன் துண்டு ஏறினால் விலை ஏறும். காய் இரண்டு, முட்டை ஒன்று என்றால் பர்ஸ் தாங்கும். ஒரே கடைக்குத் தொடர்ந்து போனால் கத்தரிக்காயை அவரே அள்ளிப் போடுவார்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது சம்பால் என்கிற மிளகாய்த் தொக்கு. நாசி லெமாக்கில் நெத்திலி கண்ணுக்குத் தெரியும். ஆனால் பல சம்பால்களில் பெலாச்சான் என்கிற இறால் விழுது கரைந்திருக்கும், தெரியாது. கேட்டுச் சாப்பிடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு உண்டு, சீனர்கள் நடத்தும் சைவக் கடைகள் நகரெங்கும் உண்டு. அங்கே மீன் போலவும் கோழி போலவும் இருப்பது பெரும்பாலும் சோயா.

போய் வருவது

டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்கிவிட்டால் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், கேடிஎம் கொம்யூட்டர் ஆகிய ரயில்கள், பேருந்து எல்லாவற்றிலும் தட்டிவிட்டு ஏறலாம். மாதம் ஐம்பது வெள்ளிக்கு அளவில்லாப் பயணம் தரும் மை50 அட்டை மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். உள்ளூர் நண்பன் வைத்திருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். குடை எப்போதும் பையில். இங்கே மதியத்துக்குமேல் கொட்டும் மழை பத்தடி தூரத்தில் நனைத்துவிடும்.

வகுப்பு

மாணவர் பாஸைப் புதுப்பிக்க வருகைப் பதிவு குறைந்தது 80 சதவீதமும், சராசரி மதிப்பெண் (நான்குக்கு) 2.0-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். உள்ளூர் மாணவன் வகுப்பைக் கட்டடித்தால் பேராசிரியரிடம் திட்டு வாங்குவான். நீங்கள் அடித்தால் நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும். காய்ச்சல் என்றால் கிளினிக்கில் மருத்துவச் சான்றிதழ் வாங்கி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

நம்மூரில் பரீட்சைக்கு முந்தைய மாதம் விழுந்து விழுந்து படித்துத் தேறியவர்களுக்கு இங்குள்ள முறை சிரமம் தரும். மூன்றாவது வாரத்திலிருந்தே மதிப்பெண் சேரத் தொடங்கிவிடும்: குழு வேலை, அறிக்கை, மேடைப் பேச்சு, சிறு தேர்வு. ஒவ்வொரு பாடத்தின் விவரத்தாளிலும் எதற்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். முதல் வாரமே எல்லாக் கெடு நாட்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இணையத்தில் எடுத்ததை அப்படியே ஒட்டினால் டர்னிடின் என்கிற மென்பொருள் காட்டிக்கொடுக்கும். எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடும் முறையை நூலகத்தில் சொல்லித் தருவார்கள். வெட்கப்படாமல் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

விரிவுரையாளர்கள் சந்திப்பு நேரம் அறிவிப்பார்கள். நம் பிள்ளைகள் அதற்குப் போகவே மாட்டார்கள், ஏதோ தப்பு செய்தவர்கள் போகும் இடம் என்று நினைப்பு. போங்கள். ஒரே ஒரு கேள்வி எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பெயர் அவருக்குத் தெரிய ஆரம்பிப்பது பிறகு பரிந்துரைக் கடிதம் வரைக்கும் உதவும்.

வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகத் தொடர்பு மலாய் ஒரு பாடமாக வரும். மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். "பெராப்பா?" (எவ்வளவு?), "தெரிமா காசி" (நன்றி), ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள் வந்துவிட்டாலே சந்தையிலும் அலுவலகக் கவுண்டரிலும் முகங்கள் மாறும்.

வேலையும் பணமும்

முழுநேர மாணவர் செமஸ்டர் நடக்கும்போது வேலை செய்யக் கூடாது. ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில், வாரம் 20 மணி நேரம் வரை, உணவகம், மினி மார்க்கெட், பெட்ரோல் நிலையம், ஹோட்டல் போன்ற இடங்களில், கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வாங்கிச் செய்யலாம். அதிலும் கல்லாவில் உட்காரும் வேலை கூடாது. ஆகவே, போய்ச் சம்பாதித்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்ற கணக்கோடு வராதீர்கள். வீட்டில் கடன் வாங்கி அனுப்பும் குடும்பங்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். "நம்ம ஆள் கடைதான், யாரும் கேட்க மாட்டாங்க", "என் கணக்கில் டெலிவரி ஓட்டு" என்று கூப்பிடுகிறவர் பிடிபட்டால் அபராதத்தோடு தப்பிப்பார். நீங்கள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போவீர்கள்.

அதைவிடப் பயங்கரமானது வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது. "உன் ஏடிஎம் கார்டை மட்டும் கொடு, மாதம் இருநூறு வெள்ளி தருகிறேன்." அந்தக் கணக்கில் ஓடுவது மோசடிப் பணம். போலீஸ் வரும்போது பெயர் உங்களுடையது. சீனியர் கேட்டாலும், சொந்த ஊர்க்காரர் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

போலீஸ், நீதிமன்றம், தூதரகம் என்று சொல்லிப் போனில் பணம் கேட்பார்கள். எந்த அதிகாரியும் போனில் பணம் கேட்பதில்லை. ஏமாந்து அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997-ஐ அழையுங்கள். மோசடிகளுக்கென்றே 2022-இல் அமைத்த மையம் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

போதைப்பொருள் பற்றி ஒரு வரி போதும்: இந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு மரண தண்டனை வரை உண்டு. யாருடைய பொட்டலத்தையும் யாருக்கும் எடுத்துப் போகாதீர்கள். இனம், மதம், அரச குடும்பம் பற்றி இணையத்தில் சர்ச்சையாக எழுதுவதும் இங்கே வழக்காகும்.

மனிதர்கள்

இங்குள்ள தமிழர்கள் மலேசியர்கள். தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் வந்து, இந்த மண்ணிலேயே பள்ளி கட்டி, கோயில் கட்டி, பத்திரிகை நடத்தித் தமிழைக் காப்பாற்றியவர்களின் பிள்ளைகள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-லிருந்து இருக்கிறது. அவர்கள் பேச்சில் மலாய்ச் சொல் கலந்திருந்தால் சிரிக்காதீர்கள், திருத்தவும் போகாதீர்கள். "தமிழ்நாட்டுல எந்த ஊரு?" என்று கேட்பதற்குப் பதில் "நீங்க கேஎல்தானா, வெளியூரா?" என்று கேளுங்கள். ஈப்போ, கிள்ளான், சுங்கை சிப்புட் என்று பேச்சு தானாக ஓடும்.

அதே சமயம், தமிழ் பேசும் வட்டத்துக்குள்ளேயே மூன்று வருடம் கழித்துவிடாதீர்கள். குழு வேலைக்கு வேண்டுமென்றே வேறு நாட்டு மாணவரோடு சேருங்கள். நோன்புப் பெருநாளில் மலாய் நண்பன் திறந்த இல்ல உபசரிப்புக்குக் கூப்பிட்டால், நல்ல சட்டை போட்டு, ஒரு பழப்பெட்டியோடு போங்கள். சீனப் புத்தாண்டுக்குப் பல கடைகள் மூடிவிடும், விடுதியும் காலியாகும். அந்த வாரம் தனிமை அதிகம் அடிக்கும். முன்பே யாரோடாவது திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதென்றால் கேடிஎம் கொம்யூட்டரில் போங்கள், நிலையம் கோயில் வாசலிலேயே இருக்கிறது. 272 படி ஏறி வணங்கிவிட்டுத் திரும்புவது ஒரு வழி. தண்ணீர்ப் பந்தலில் அரை நாள் நின்று மோர் ஊற்றிக் கொடுத்தால் அதைவிட நிறைவாக இருக்கும். எனக்கு இங்கே கிடைத்த நெருங்கிய நட்புகள் சில, அப்படி வாளி தூக்கியபோது கிடைத்தவைதான்.

உடம்பும் மனசும்

காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் டெங்கி அதிகம். பாராசிட்டமாலோடு படுத்துக் கிடக்கும் நோயல்ல. உங்கள் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்தால்தான் செலவைத் தருமா, சாதாரண கிளினிக் செலவையும் தருமா என்று நலமாக இருக்கும்போதே படித்து வையுங்கள். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. அவசரத்துக்கு 999.

இரண்டாவது மாதம் முடியும் சமயம் ஊர் நினைப்பு வந்து அடிக்கும். வந்த புதிதில் இருந்த பரபரப்பு அடங்கியிருக்கும், மதிப்பெண் எதிர்பார்த்தபடி வந்திருக்காது. நமக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், அம்மாவோடு பேசலாம். ஆனால் அம்மாவிடம் சொல்ல முடியாதது என்று ஒன்று இருக்கும். அதற்குக் கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறார், பெரும்பாலும் இலவசம். நடுராத்திரி என்றால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். தூக்கமில்லாத இரவுகள் ஒரு வாரம் தொடர்ந்தால் அதற்குமேல் காத்திருக்காதீர்கள்.

பாஸ் புதுப்பிக்கும் மாதம்

பாஸ் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பு போனில் நினைவூட்டல் வையுங்கள். பல்கலைக்கழகம் கூப்பிடும் என்று இருக்காதீர்கள், நீங்களே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள். வருகைப் பதிவு, தேர்வு முடிவு, காப்பீடு, பாஸ்போர்ட் செல்லுபடி நான்கையும் பார்ப்பார்கள். கட்டணப் பாக்கி இருந்தால் கோப்பு நகராது, ஆகவே அந்த மாதத்துப் பணத்தை வீட்டில் முன்பே சொல்லி வாங்குங்கள். மதிப்பெண் 2.0-க்குக் கீழே வந்துவிட்டால் மறைக்காமல் துறைத் தலைவரிடம் போய்ப் பேசுங்கள். கெடுவுக்கு முன்பே வந்தவருக்கு வழி தேட அவர்களால் முடியும்.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற நினைத்தால் இதுதான் தருணம். பாஸ் நீங்கள் சேர்ந்த கல்லூரியோடு கட்டப்பட்டது. பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்காமல் புது இடத்தில் பணம் கட்டாதீர்கள். வீட்டு ஒப்பந்தமும் பெரும்பாலும் இதே சமயத்தில்தான் முடியும். தொடர்வதா காலி செய்வதா என்று வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லிவிட்டு, முதல் நாள் எடுத்த போட்டோக்களைத் தேடி எடுத்து வையுங்கள். ஊருக்கு டிக்கெட் போடுவது புது பாஸ் கைக்கு வந்த பிறகு.